நான்காம் அத்தியாயம்: ஆசிரியர் அணியில் அமர்தல்

சாரணர் படை ஒன்றைத் தொடங்க வேண்டும் என்னும் உற்சாகத்தோடு வருகிறவர்கள், பையன்களை எங்கே திரட்டுவது, ஸ்கார்ப்புக்கு என்ன நிறம் வைப்பது, கொடிக்கம்பத்துக்கு நல்ல மூங்கில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பவற்றையெல்லாம் சாங்கோபாங்கமாக விசாரித்து முடித்த பிறகு, எழுந்து போகிற சமயத்தில்தான், "எங்களுக்கும் ஏதோ பயிற்சி உண்டாமே, அது அவசியந்தானா?" என்று கேட்பார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் ஒரு பள்ளியில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியவராகவோ, பட்டாளத்திலோ காவல் துறையிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராகவோ இருப்பார். பிள்ளைகளை அடக்கியாள நன்றாகத் தெரிந்த தமக்கு இனி எவர் எதைக் கற்பித்துவிடப் போகிறார் என்று அவர் நினைப்பதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த அடக்கியாளும் சாமர்த்தியத்தைத்தான் அவர் பயிற்சி முகாமின் வாசலில் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது என்பதையும், முகாமில் கழியும் பொழுதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி புதிதாக ஒன்றைக் கற்பதில் செல்லாமல் முன்பே கற்றிருந்ததை மறப்பதில் செல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் மிகச் சிலர். தெரியாமல் வருகிறவர்களுக்காகவே இந்த அத்தியாயம்.

இயக்கத்தின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ என்னும் சிறு தீவில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒருங்கே சேர்த்து, இருபது பேர் அளவில் நான்கு அணிகளாகப் பிரித்துப் பேடன் பவல் நடத்திய பரிசோதனை முகாமும், மறு ஆண்டில் பகுதி பகுதியாக வெளிவந்த ‘ஸ்கௌட்டிங் ஃபார் பாய்ஸ்’ என்னும் அவருடைய நூலும் சிறுவர்களின் மனத்தில் மூட்டிய கனல் எத்தகையதென்றால், தம்மை நடத்தப் பெரியவர் ஒருவர் வர வேண்டுமென்று காத்திராமலே ஊருக்கு ஊர் அவர்கள் தாமாகவே அணிகளை அமைத்துக்கொண்டார்கள். பிறகுதான் தமக்குத் தெரிந்த பெரியவர் எவரையாவது தேடிப் பிடித்து வந்து, தலைவராக இருக்கும்படி வேண்டிக்கொண்டார்கள். ஆகவே இந்த இயக்கத்தில் பெரியவர் என்பவர் பந்தி தொடங்கிய பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி. பந்தியின் தலைமாட்டில் தமக்கு இடம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அவர் வருவதுதான் சங்கடத்தின் தொடக்கம்.

அப்படி வந்தவர்களில் நல்லெண்ணம் இல்லாதவர் மிகக் குறைவு. ஆயினும் பலருடைய கைக்கு முதலில் வந்தது வகுப்பறையின் பிரசங்கமும் மைதானத்தின் அணிவகுப்பும்தான். பையன்களை வரிசையில் நிறுத்தி நடத்துவதையே சாரணீயம் என்று எண்ணிய போக்கைப் பேடன் பவல் பலமுறை கண்டித்து எழுதியிருக்கிறார். கண்டித்து எழுதுவதால் மட்டும் மனிதர் மாறிவிடுவதில்லை என்று கண்ட பிறகு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சாரண ஆணையரான மெக்லாரன் என்பவர் 7,000 பவுன் கொடுத்துதவ, லண்டன் மாநகரின் ஓரத்தில் எப்பிங் வனத்தை ஒட்டிப் பாழடைந்து கிடந்த கில்வெல் பார்க் என்னும் தோட்டமும் மாளிகையும் வாங்கப்பட்டன. லண்டனின் கீழ்ப்பகுதியில் வாழும் ஏழைச் சிறுவர்கள் கூடாரமடித்துத் தங்க ஓர் இடம் வேண்டும் என்பது மெக்லாரனின் ஆசை. அவர்களை நடத்துகிறவர்கள் பயில ஓர் இடம் வேண்டும் என்பது பேடன் பவலின் ஆசை. இரண்டும் அங்கே நிறைவேறின. முதல் வகுப்பு 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, பிரான்சிஸ் கிட்னி என்பவரின் தலைமையில், குடு என்னும் ஆப்பிரிக்க மானின் முறுக்கிய கொம்பை ஊதித் தொடங்கப்பட்டது.

அந்த வகுப்பைப் பற்றி நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது கொம்பையன்று. வந்திருந்தவர்களை எப்படி உட்கார வைத்தார்கள் என்பதையே. நாற்காலி போட்டு, மேஜை போட்டு, கரும்பலகையின் முன் அவர்களை உட்கார வைக்கவில்லை. சிறுவர்களைப் போலவே அணிகளாகப் பிரித்து, தங்கள் கூடாரத்தைத் தாங்களே அடித்து, தங்கள் சோற்றைத் தாங்களே சமைத்து, தங்கள் அணித்தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாழச் செய்தார்கள். முடிவில் கொடுத்ததும் தாள்சான்று அன்று. சூலு இனத்தாரின் தலைவர் தினுசூலுவின் மாலையைச் சேர்ந்தவை என்று சொல்லப்படும் மரமணிகளைத் தோல்வாரில் கோத்துக் கொடுத்தார்கள். உட் பேட்ஜ் என்னும் பெயர் அதிலிருந்து வந்ததே. 1923 முதல் இருபது ஆண்டுகள் கில்வெல்லின் தலைமைப் பொறுப்பை வகித்த ஜே. எஸ். வில்சன் அதற்கு முன் கல்கத்தா போலீஸில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். கட்டளையிட்டே பழகிய ஒரு போலீஸ் அதிகாரி, கட்டளையிடாமல் நடத்தும் கலையை உலகத்துக்குக் கற்பிக்கும் ஸ்தானத்துக்கு வந்தார் என்பதை, நான் முதலிற் சொன்ன அந்த உத்தியோகஸ்தர்கள் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

நம் தேசத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சிறுவர்களைச் சாரணர் படைகளில் சேர்க்க ஆட்சியாளர் தயங்கிய காலத்தில், 1916ஆம் ஆண்டு, சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் அவர்களுக்கென்று தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அது பொது இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின், 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, பல கிளைகளாக இருந்தவை ஒன்றுகூடிப் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. சாத்பூரா மலைத்தொடரில் பச்மடி என்னும் ஊரில் 1956 முதல் தேசியப் பயிற்சி நிலையம் இயங்கி வருகிறது. அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி, அவற்றுக்குப் பின் ஹிமாலயா உட் பேட்ஜ் என்று படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. குருளையரை நடத்துகிறவர்களுக்கும், சாரணரை நடத்துகிறவர்களுக்கும், திரிசாரணரை நடத்துகிறவர்களுக்கும் பாடங்கள் வெவ்வேறு; சாரணியர் பிரிவின் ஆசிரியைகளுக்கும் இவ்வாறே.

இனி முகாமை நடத்தும் கிரமத்துக்கு வருவோம். பயில வருகிறவர்கள் இருபத்துநாலிலிருந்து முப்பத்திரண்டு பேர் வரை இருக்கலாம்; அதற்கு மேற்பட்டால் அது கல்யாணக் கூட்டமாகிவிடும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாக அவர்களைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்களையும், ஒருவரை ஒருவர் முன்பே அறிந்தவர்களையும், பதவியில் மேல் கீழாக இருப்பவர்களையும் ஒரே அணியில் போடலாகாது. அணித்தலைமை நாளுக்கு நாள் மாற வேண்டும். முகாம் முடிவதற்குள் கூடிய மட்டும் எல்லோரும் ஒருமுறையாவது தலைவராகவும், பலமுறை தொண்டராகவும் இருந்திருக்க வேண்டும். பயிற்றுநர்களில் ஒருவர் ஒவ்வோர் அணிக்கும் துணையாக நியமிக்கப்படுவார். அவர் அணியின் கூடாரத்துக்குள் அழைக்கப்படாமல் நுழையக் கூடாது. அழைத்தாலும் அதிக நேரம் தங்கக் கூடாது.

நம் ஊரில் இந்த ஏற்பாட்டுக்கு முதல் விரோதி அகம்பாவம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய விரோதி மரியாதை. பல ஆண்டுகளுக்கு முன் நான் துணையாக இருந்த ஓர் அணியில், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரும் சேர்ந்திருந்தார்கள். அன்றைய அணித்தலைவர் அந்த இளைஞர். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தம்பி, நான் அரிசி களையட்டுமா, காய் நறுக்கட்டுமா?" என்று உண்மையான ஆவலோடு கேட்க, இளைஞரோ, "நீங்க உட்காருங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, மர நிழலில் ஒரு கல்லைத் துடைத்து அவருக்கு ஆசனமும் போட்டுக் கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளையின் பண்பை மெச்சினார்கள். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது; ஏனெனில் அந்தக் கல்லில் உட்கார்ந்த கணத்திலேயே பெரியவர் அணியை விட்டு வெளியேறிவிட்டார். மறுநாள் காலையில் அவரே இளைஞரைத் தனியாக அழைத்து, "இங்கே நான் உங்க அணியில ஒருத்தன், வேலை கொடுக்கலேன்னா நான் எதுக்கு வந்தேன்?" என்று கேட்ட பிறகுதான் விறகு பொறுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அன்று அவர் கொண்டுவந்த விறகில் பாதி ஈரம் என்பது வேறு விஷயம்.

இதிலிருந்து பயிற்றுநர் ஒரு நடைமுறையைக் கொள்ளலாம். முதல் நாள் கொடியேற்றம் முடிந்த உடனே, வயதுக்கும் பதவிக்கும் உரிய மரியாதை பேச்சில் இருக்கட்டும், வேலைப் பங்கீட்டில் வேண்டாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். ‘சார்’ என்று அழைக்கத் தடையில்லை. சாருக்குப் பாத்திரம் தேய்க்கவும் தடையில்லை.

அடுத்தபடி, பயிற்றுவிக்கும் முறை. சாரணீயத்தின் வரலாறு, உறுதிமொழி, சட்டம், தேர்வுப் படிகள் ஆகியவற்றைச் சொற்பொழிவாகச் செய்ய ஆசைப்படாத பயிற்றுநரை நான் இன்னும் காணவில்லை. நானும் அந்த ஆசைக்கு அடிமைப்பட்டிருந்தவனே. அவற்றைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளட்டும். முகாமின் நேரம் கையால் செய்வதற்கு உரியது. பௌலைன் முடிச்சின் கண்ணி எவ்வளவு இழுத்தாலும் இறுகாது என்பதைக் கரும்பலகையில் எழுதினால் குறிப்பேட்டில் ஏறும்; இடுப்பில் போட்டு இரண்டு பேர் இழுத்துப் பார்த்தால் மூளையில் ஏறும். பயில்பவர் முடிச்சைத் தவறாகப் போடும்போது, அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, "இப்படி" என்று போட்டுக் காட்டிவிடுவது ஒரு விநாடியில் முடியும் காரியம். அந்த ஒரு விநாடியைத்தான் பயிற்றுநர் வாழ்நாள் முழுவதும் அடக்கப் பழக வேண்டும். ஏனென்றால், பிடுங்கப்பட்டவர் ஊருக்குப் போனதும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கையிலிருந்து அதேபோலப் பிடுங்குவார். நாம் கற்பிக்கும் முடிச்சை அவர் மறந்தாலும் மறப்பார். கற்பித்த விதத்தை மறக்கவே மாட்டார்.

சமையலைப் பற்றியும் இதே விதி. ஒருமுறை ஓர் அணியினர் அளவுக்கு மிஞ்சித் தீ வைத்து, சோற்றை அடியில் கருக்கி, மேலே அரிசியாகவே விட்டுவிட்டார்கள். மற்ற அணிகள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, இவர்கள் பானையைச் சுரண்டிவிட்டு மறுபடி உலை வைத்தார்கள். உடனிருந்த புதிய பயிற்றுநர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், பொதுச் சமையலறையில் இருந்த சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இரவு ஒன்பதரை மணிக்கு அவர்கள் சாப்பிட்ட ரசஞ்சாதத்தைப் போல அந்த முகாமில் வேறெந்த உணவும் புகழப்படவில்லை. ஆனால் இந்த விதிக்கும் எல்லை உண்டு; பசியில் ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கிறார் என்றால், தத்துவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதே விவேகம். யாருக்கு என்ன நோய், யார் என்ன மருந்து உட்கொள்கிறார் என்னும் விவரத்தை வந்தவுடனே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

இரவில் பாடித்தீக்கு முன்போ பின்போ, அன்றைய அணித்தலைவர்கள் மட்டும் கூடும் கௌரவ சபை நடக்க வேண்டும். அன்று நடந்தது என்ன, நாளை செய்வது என்ன என்பதை அவர்களே பேசித் தீர்மானிக்கட்டும்; பயிற்றுநர் தலைவர் ஓரத்தில் அமர்ந்து கேட்கட்டும். சிறுவர் படையில் பதினான்கு வயது அணித்தலைவன் ஒருவன் தன் கருத்தைச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருக்க, இந்த ஓரத்து ஆசனத்தைத் தவிர வேறு பயிற்சிக்கூடம் கிடையாது.

மறக்க வேண்டியவற்றுள் உயிருக்கே ஆபத்தானவை சில உண்டு. முதலுதவி வகுப்பில் அவற்றை நிதானமாகக் களைய வேண்டும். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டு, பிளேடால் கீறு, இரத்தத்தை உறிஞ்சித் துப்பு என்று அந்தக் காலத்துப் புத்தகங்கள் போதித்தன. அவற்றைப் படித்து வளர்ந்த சாரண ஆசிரியர்கள் அதையே பிள்ளைகளுக்கும் போதித்தார்கள். இன்றைய மருத்துவம் அவை மூன்றையும் விலக்குகிறது. கடிபட்டவரை நடக்கவிடாமல் கிடத்தி, தைரியம் சொல்லி, கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்புக்குச் செய்வதுபோலச் சிம்பு வைத்து அசையாமல் செய்து, மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றி, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டுசேர்ப்பதே செய்யத்தக்கது. தமிழ்நாட்டில் 108ஐ அழைத்தால் வண்டி வரும். தீக்காயத்துக்கு இங்க், தோசை மாவு, பற்பசை ஆகிய மூன்றும் நம் வீடுகளில் இன்னும் வழங்குகின்றன. சுமார் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஓடவிடுவதே சரியான முதலுதவி. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்லுங்கள். வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, கை மட்டும் பழைய வழக்கப்படி கயிற்றைத் தேடிப் போவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

பழைய வழிகாட்டி நூல்களில் ஒரு வரிகூட இடம்பெறாததும், இன்று ஒரு முழுப்பொழுதை ஒதுக்க வேண்டியதுமான பாடம், குழந்தைகளின் பாதுகாப்பு. நல்லவர்களாகத்தான் வருகிறார்கள் என்று நம்பி அந்தக் காலத்தில் விசாரிக்காமலே சேர்த்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கை பல தேசங்களில் பல குழந்தைகளுக்குக் கொடுமையாக முடிந்தது. ஆகவே தொண்டரைச் சேர்க்கும்போதே அவரைப் பற்றி இரண்டு இடங்களிலாவது விசாரிக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பிறர் பார்வைக்கு எட்டாத இடத்தில் தனித்திருக்கலாகாது. முகாமுக்கோ நடைப்பயணத்துக்கோ போனால் குறைந்தபட்சம் இரண்டு பெரியவர்கள் உடன் செல்ல வேண்டும். பெரியவர்களின் படுக்கை வேறு கூடாரத்தில் இருக்க வேண்டும். சாரணியர் படையோடு பெண் ஆசிரியை இல்லாமல் புறப்படவே கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாத ஒருவருக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது என்று தெரிந்தவர் எவராயினும் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். ‘இயக்கத்தின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்னும் பேச்சு எழுந்தால், பேசுகிறவர் எவ்வளவு மூத்தவராயினும், அந்த இடத்திலேயே மறுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதை முகாமின் அறிவிப்புப் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்; பிள்ளைகள் கூடும் இடத்திலும் எழுதி வைக்கும்படி பயில்பவர்களிடம் சொல்லுங்கள். இந்தப் பாடத்தின்போது, தங்களையே சந்தேகிப்பதாக எண்ணி முகம் சுளிக்கும் சிலர் இருப்பார்கள். இரண்டு பேராக இருப்பது பிள்ளைக்கு மட்டுமின்றி, வீண்பழியிலிருந்து அவர்களுக்கும் காப்பு என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் சமாதானமடைவர். அதற்குப் பிறகும் சமாதானமடையாதவரை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

முகாம் கலையும் நாளில் எல்லோரும் கட்டித் தழுவிக்கொள்வதும், சிலர் கண்ணீர் விடுவதும், ஊருக்குப் போய் உலகத்தையே மாற்றிவிடுவதாகச் சொல்வதும் வழக்கம். பயிற்சி அத்தோடு முடிந்ததென்று நிர்வாகிகள் கணக்கை மூடிவிடுவதும் வழக்கமே. இந்த இரண்டாவது வழக்கத்தைப் போல இயக்கத்துக்குக் கேடு செய்தது வேறொன்றும் இல்லை. முற்காலத்து உட் பேட்ஜ் மூன்று பகுதிகளைக் கொண்டதாக இருந்தது: வீட்டிலிருந்தபடி வினாக்களுக்கு விடை எழுதியனுப்புவது ஒன்று, முகாமில் பயில்வது ஒன்று, சொந்தப் படையில் சில மாதங்கள் செய்து காட்டுவது ஒன்று. மணிகள் மூன்றாவதற்குப் பிறகுதான் கழுத்தில் ஏறும். நாமோ நடுப்பகுதியை மட்டும் விழாவாகக் கொண்டாடிவிட்டு, மூன்றாவதைப் படிவத்தில் ஒரு கையெழுத்தாகச் சுருக்கிவிட்டோம்.

ஊர் திரும்பிய ஆசிரியரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளியில் பாடம் முடிக்க வேண்டிய நெருக்கடி. சனிக்கிழமை மாலையில் படையைக் கூட்டினால் வீட்டில் முணுமுணுப்பு. பெற்றோரோ, மதிப்பெண் உண்டா என்று கேட்கிறார்கள். முகாமில் கண்டபடி அணித்தலைவனிடம் பொறுப்பை விட்டால், முதல் இரண்டு வாரம் கூச்சலும் குழப்பமுமே மிஞ்சுகின்றன. இந்த மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் மனிதர் சோர்ந்துபோய்ப் பழைய பிரம்புக்குத் திரும்புகிறார். ஆகவே பயிற்சி முடிந்த ஒரு மாதத்துக்குள், அவருடைய அணிக்குத் துணையாக இருந்த பயிற்றுநர் நேரில் ஒருமுறை அவருடைய படைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். குற்றம் கண்டு எழுதும் இன்ஸ்பெக்டராகப் போகலாகாது. போய், பிள்ளைகளோடு ஓரத்தில் உட்கார்ந்து விளையாட்டைப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, ‘எங்கள் படையிலும் முதல் மாதம் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். பஸ் செலவைச் சங்கம் கொடுக்க வேண்டும். ஊதியமின்றி உழைக்கிறவர்களிடம் கைக்காசையும் போடச் சொல்வது தியாகத்தை வளர்ப்பதாகாது. ஏழைத் தொண்டரை வெளியே தள்ளிப் பணமுள்ளவரை மட்டும் மிச்சம் வைக்கும்.

முகாமுக்குப் புறப்படுகிறவர் கொண்டுவர வேண்டியவை: ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு ஜமுக்காளம், கொசுவலை, டார்ச், குறிப்பேடு, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், மூன்று மீட்டர் நீளமுள்ள பருத்திக் கயிறு ஒன்று. கழுத்தில் தொங்கும் விசிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.